கொட்டகையில் நிற்கும் ஜீப்பை எழுப்புவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

வீட்டில் சும்மா நிற்கும் பழைய ஃபோர்வீல் வண்டிகளைப் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே வண்டியைப் பற்றியவை: பெட்ரோல் இன்ஜின் போட்ட மகிந்திரா சி.ஜே.-3பி. வில்லிஸ் நிறுவனம் அமெரிக்காவில் 1953இல் கொண்டுவந்த வண்டி இது. அங்கே 1968இல் நின்றுபோனது. மகிந்திரா உரிமம் வாங்கி அதற்குப் பிறகும் செய்துகொண்டிருந்ததால்தான் இன்றும் நமக்குப் பாகம் கிடைக்கிறது. இந்த இதழ் முழுக்க அந்த வண்டிக்கே.

கே: ஏலத்தோட்டத்தில் ஓடிய அப்பா காலத்து ஜீப், 12 வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றினால் இன்ஜின் சுற்றவே இல்லை. டிராக்டரில் கட்டி இழுத்து கியரைப் போட்டால் விட்டுவிடும் என்கிறார்கள். செய்யலாமா? (கம்பம்)

ப: தயவுசெய்து வேண்டாம். நின்றுபோன இன்ஜினில் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கும். நாலு சிலிண்டரும் ஒன்றாக ஒட்டுவது அபூர்வம். வண்டி நின்ற அன்றைக்கு எந்த சிலிண்டரில் வால்வு திறந்திருந்ததோ, அதற்குள்தான் ஈரக்காற்று போய்வந்திருக்கும். கட்டி இழுத்தால் வண்டியின் எடை முழுக்க அந்த ஒரு பிஸ்டன் மேல் இறங்கும். ரிங் உடையும், ரிங் உட்காரும் பள்ளம் பெயரும், கனெக்டிங் ராடு வளையும். சும்மா ஒட்டியிருந்த இன்ஜின் அதோடு போரிங்குக்கு (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் வேலைக்கு) போகும்.

செய்ய வேண்டியது இது. கியர் நியூட்ரல், பேட்டரி இணைப்பு கூடாது. நாலு பிளக்கையும் கழற்றுங்கள். டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் (ஏ.டி.எஃப்.) பாதிக்குப் பாதி கலந்து, சிலிண்டருக்கு 30–40 மில்லி ஊற்றுங்கள். மறுநாள் ஒரு சின்ன டார்ச்சால் ஒவ்வொரு ஓட்டையாகப் பாருங்கள். மூன்றில் எண்ணெய் இறங்கியிருக்கும், ஒன்றில் அப்படியே நிற்கும். பெரும்பாலும் அதுதான் ஒட்டிய சிலிண்டர். ஒரு வாரம் வரை தினமும் ஊற்றிக்கொண்டே, காலையும் மாலையும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கையால் மட்டும் அசைத்துப் பாருங்கள். ஹேண்டிலில் பைப் செருகி நீளம் கூட்டாதீர்கள். முதலில் நூலளவு அசையும். அது வந்துவிட்டால் மீதியும் வந்துவிடும்.

சுற்ற ஆரம்பித்ததும் செல்ஃப் அடிக்கத் தோன்றும். அதற்கு முன்னால் சம்ப்பை (இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) கழற்றியே ஆக வேண்டும். இந்த இன்ஜினில் ஆயிலை உறிஞ்சும் வலை சம்ப்புக்குள் மிதவை போல ஆடிக்கொண்டிருக்கும். பழைய ஆயில் வண்டலாகி அதில் அப்பியிருந்தால் புது ஆயில் மேலே ஏறாது. மண்ணெண்ணெயில் கழுவி, மிதவை தடையில்லாமல் ஆடுகிறதா என்று பார்த்து மாட்டுங்கள். சம்ப்புக்கு 20டபிள்யூ-50 ஆயில் சுமார் 4 லிட்டர். ஃபில்டரும் மாற்றினால் இன்னொரு லிட்டர் பிடிக்கும். இது பைபாஸ் ஃபில்டர். ஆயிலில் ஒரு பங்குதான் அதன் வழியாகப் போகும். அதனால் முதல் ஆயிலை 200 கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள்.

பிறகு பிளக் இல்லாமலே, 10 விநாடி ஓட்டம், ஒரு நிமிடம் ஓய்வு என்று செல்ஃப் அடித்து, ஆயில் அழுத்தம் காட்டும் முள் எழும் வரை பாருங்கள். எழவில்லை என்றால் பம்ப் காய்ந்து கிடக்கிறது. பம்புக்குள் ஆயில் நிரப்பினால் பிடித்துக்கொள்ளும். ஆனால் பம்பைக் கழற்றும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவதே இந்தப் பம்பின் தண்டுதான். அடையாளம் போடாமல் கழற்றினால் டைமிங் போய்விடும். ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஃபயரிங் வரிசை 1-3-4-2.

கே: இன்ஜின் ஓடுகிறது, ஆனால் மூன்று சிலிண்டரில்தான். கம்ப்ரஷன் அளந்தால் 120, 118, 40, 122 பி.எஸ்.ஐ. வருகிறது. ஹெட்டைக் கழற்றப் பார்த்தேன். எல்லா போல்ட்டும் எடுத்த பிறகும் நடுவில் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. நெம்பலாமா? (குன்னூர்)

ப: நெம்பாதீர்கள். இன்னும் ஒரு போல்ட் உள்ளே இருக்கிறது. கார்புரேட்டரைக் கழற்றி, அது உட்கார்ந்திருந்த ஓட்டைக்குள் டார்ச் அடியுங்கள். அடியில் ஒரு ஹெட் போல்ட்டின் தலை தெரியும். இந்த வண்டியின் எஃப்-134 இன்ஜினில் இன்டேக் வழி ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருப்பதால் ஒரு போல்ட் அதற்குள் மாட்டிக்கொண்டது. இதைத் தெரியாமல் கடப்பாரை வைத்துக் கீறல் விட்ட ஹெட்டுகள் நிறைய. திரும்ப மாட்டும்போதும் இதே போல்ட்டை மறந்தால் நடுவில் கேஸ்கட் ஊதும்.

ஆனால் உங்களுக்கு ஹெட்டைத் தூக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம். இந்த இன்ஜினில் இன்டேக் வால்வு மேலே ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கில். நெடுநாள் நின்ற வண்டியில் மூன்றாவது சிலிண்டர் மட்டும் 40 காட்டினால், முதல் சந்தேகம் பிளாக்கில் இருக்கும் எக்ஸாஸ்ட் வால்வு, அதன் தண்டு ஏறி இறங்கும் குழாயான கைடில் ஒட்டித் திறந்தே நிற்கிறது என்பதுதான். பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் தகட்டு மூடியைக் கழற்றி, இன்ஜினைக் கையால் சுற்றிப் பாருங்கள். மற்ற மூன்று வால்வும் ஏறி இறங்கும், ஒன்று மட்டும் மேலேயே நிற்கும். டாப்பெட்டுக்கும் (வால்வைக் கீழிருந்து தள்ளும் பாகம்) வால்வுத் தண்டுக்கும் நடுவே இடைவெளி பளிச்சென்று தெரியும். கைடில் ஏ.டி.எஃப். கலவையை விட்டு ஊறவையுங்கள். பிறகு ஸ்பிரிங்கின் மேல் வளையத்துக்குக் கீழே வால்வுத் தண்டைப் பித்தளைத் துண்டால் மெதுவாகத் தட்டிக்கொண்டே இன்ஜினைச் சுற்றுங்கள். பெரும்பாலும் இறங்கிவிடும்.

வால்வு லாக்கை (ஸ்பிரிங்கைத் தண்டில் பிடித்து நிறுத்தும் சின்னத் துண்டு) கழற்ற வேண்டி வந்தால், அந்த அறையின் தரையில் ஆயில் வடிய விட்டிருக்கும் ஓட்டைகளில் முதலில் துணி திணியுங்கள். லாக் கையிலிருந்து நழுவி அதற்குள் விழுந்தால் நேராக சம்ப்புக்குப் போகும். வேலை முடிந்ததும் துணியை எடுக்க மறக்காதீர்கள்.

எழும்பிய வால்வு சரியாக உட்கார்ந்தபின் மறுபடி அளங்கள். நாலு பிளக்கும் கழற்றி, த்ராட்டில் முழுக்கத் திறந்து அளக்க வேண்டும். 120–130 பி.எஸ்.ஐ. நல்ல இன்ஜின். சிலிண்டருக்கு சிலிண்டர் 10க்கு மேல் வித்தியாசம் கூடாது. அப்போதும் குறைந்தால்தான் ஹெட். மாட்டும்போது நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில், 60–70 அடி-பவுண்டு டார்க். வால்வு இடைவெளி, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, இன்டேக் 0.018 அங்குலம் (0.46 மி.மீ.), எக்ஸாஸ்ட் 0.016 அங்குலம் (0.41 மி.மீ.). இன்டேக்கை மேல் மூடியைத் திறந்தும், எக்ஸாஸ்டைப் பக்கவாட்டு மூடியைத் திறந்தும் வைக்க வேண்டும். மேலே மட்டும் வைத்துவிட்டுப் போய்விடும் மெக்கானிக்குகள் உண்டு. பக்கத்தில் நின்று பாருங்கள்.

கே: ஸ்பேனர் போட்ட இடமெல்லாம் போல்ட் தலை மழுங்குகிறது. இடதுபக்க வீல் நட்டில் இரண்டு ஸ்டட் முறிந்தே போனது. (தென்காசி)

ப: ஒன்று, இது அங்குல வண்டி. 7/16, 1/2, 9/16, 5/8, 3/4 அளவு ஸ்பேனர் செட் வாங்குங்கள். 1/2 அங்குலத் தலையில் 13 மி.மீ. ஸ்பேனர் உட்காருவது போலத்தான் இருக்கும், மழுங்குவது அதனால்தான். இரண்டு, பழைய வண்டிகளில் இடதுபக்கச் சக்கரத்தின் மரை எதிர்த்திசை. ஸ்டட் முனையில் ‘எல்’ எழுத்தைத் தேடுங்கள். இருந்தால், வலப்பக்கமாகச் சுற்றினால்தான் நட்டு கழலும்.

கே: டேங்க்குக்குள் துரு. இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை இந்த இன்ஜின் தாங்குமா? (மதுரை)

ப: இரும்பும் வார்ப்பும் தாங்கும். ரப்பர் தாங்காது. ஹோஸ், மெக்கானிக்கல் பம்பின் டயஃப்ரம், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் எத்தனாலில் ஊதி மெத்தென்று ஆகிவிடும். ஹோஸை எத்தனால் தாங்கும் ஃபுளோரோ ரப்பர் ரகத்தில் வாங்குங்கள். பம்பின் டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் சம்ப்புக்குள் இறங்கும். ஆயில் அளவு கூடியிருந்தாலோ, டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனை அடித்தாலோ இன்ஜினை அத்தோடு நிறுத்துங்கள். நீர்த்துப்போன ஆயிலில் ஓடினால் பேரிங் போகும். பலர் பம்பை எறிந்துவிட்டு எலெக்ட்ரிக் பம்ப் மாட்டுகிறார்கள். இந்தக் கார்புரேட்டருக்கு 3 பி.எஸ்.ஐ. அளவு அழுத்தமே போதும். அதற்கு மேல் போனால் மிதவை ஊசியைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழியும்.

எத்தனால் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். தண்ணீர் அதிகமானால் அது பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். துரு அங்கேதான் தொடங்கும். இரண்டு மாதத்துக்கு மேல் வண்டி நிற்கப்போகிறது என்றால் டேங்க்கை வடித்துவிடுங்கள்.

இருக்கிற துருவுக்கு: டேங்க்கை வெளியே எடுத்து, சோப்பு வெந்நீரில் இரண்டு முறை கழுவி, ஒரு மீட்டர் இரும்புச் சங்கிலியை உள்ளே போட்டு, எல்லாப் பக்கமும் திருப்பிக் குலுக்குங்கள். பிறகு பாஸ்பாரிக் அமிலம் உள்ள துருநீக்கியை அதன் டப்பாவில் சொன்ன அளவில் கலந்து ஊறவைத்து, கழுவி, வெயிலில் காயவைத்து, அன்றைக்கே பெட்ரோல் ஊற்றி உள்சுவரை நனையுங்கள். ஈரத்தோடு ஓர் இரவு விட்டால் காலையில் மறுபடி சிவப்பு. ஓட்டை இருந்தால் வீட்டில் வெல்டிங் வைக்காதீர்கள். காலி டேங்க்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். அந்த வேலையே செய்கிற பட்டறைக்கு அனுப்புங்கள்.

கே: பிரேக் பெடல் முதல் மிதிக்குக் கீழே போகிறது, மூன்றாவது மிதிக்கு நிற்கிறது. ஒரு வீல் சிலிண்டரில்தான் ஒழுகல். அதை மட்டும் மாற்றினால் போதாதா? (பொள்ளாச்சி)

ப: போதாது. இந்த வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே ஒரு பிரேக் சுற்று. எங்கே ஒழுகினாலும் நாலிலும் பிரேக் போகும். மலை இறக்கத்தில் ஓடும் வண்டிக்கு இதில் சிக்கனம் பார்க்கக்கூடாது. மாஸ்டர் சிலிண்டர், நாலு வீல் சிலிண்டர், எல்லா ரப்பர் ஹோஸும் ஒரே நாளில். சிலிண்டருக்குள் நகத்தை ஓட்டிப் பாருங்கள். குழி தட்டினால் கிட் போட்டுப் பயனில்லை, சிலிண்டரையே மாற்றுங்கள். ரப்பரைக் கழுவப் பெட்ரோல் தொடவே கூடாது. பிரேக் ஆயில் அல்லது ஸ்பிரிட் மட்டும். டாட்-3 அல்லது டாட்-4 ஆயில் ஒரு லிட்டர் வாங்கினால் காற்று எடுத்துமுடிக்கப் போதும். வலதுகை ஸ்டியரிங் வண்டியில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்ற வரிசை.

நீங்கள் சொல்லும் ‘மூன்றாவது மிதி’க்கு இன்னொரு காரணமும் உண்டு. ஷூ டிரம்மிலிருந்து தள்ளி நிற்கலாம். மேலே இருக்கும் கேம் போல்ட்டைத் திருப்பி, சக்கரம் உரசும் வரை கொண்டுவந்து, உரசல் விடும் அளவுக்குப் பின்வாங்குங்கள். பெடலில் 12 மி.மீ. அளவு வெற்று ஆட்டம் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரின் சின்னத் துளை திறக்காது. ஆயில் திரும்ப வழியில்லாமல் ஓட ஓட பிரேக் தானாகப் பிடித்துக் கொதிக்கும்.

ஹேண்ட் பிரேக்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும். அது சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் (இன்ஜின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) பின்புறம், பிராப்பெல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. பின் ஷாஃப்டைக் கழற்றிய வண்டிக்கு ஹேண்ட் பிரேக்கே கிடையாது. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினாலும் அதே கதை: தூக்கிய சக்கரம் டிஃபரன்ஷியல் (இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்லமைப்பு) வழியாகச் சுற்றிக்கொள்ளும், தரையில் நிற்கும் சக்கரம் உருளும், வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கி ஓடும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடாதீர்கள்.

கே: ஃபோர்வீல் போட்டுத் தார்ச்சாலையில் வீடு வந்தேன். இப்போது லீவர் திரும்ப வரவில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்க வேண்டுமா? (ஏற்காடு)

ப: பிரிக்க வேண்டாம். வளைவில் முன்சக்கரம் போகும் வட்டம் பெரியது, பின்சக்கரத்தின் வட்டம் சின்னது. இந்த டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டையும் ஒரே வேகத்தில் பூட்டுகிறது, நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. மண்ணிலும் சேற்றிலும் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்காது. ஷாஃப்டுகள் முறுக்கேறி, பல்லோடு பல் அழுந்தி, லீவர் மாட்டிக்கொள்ளும். ஸ்டியரிங்கை நேராக வைத்து நாலைந்து மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள். விடாவிட்டால் முன்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்குங்கள், முறுக்கு ‘டக்’கென்று அவிழும். கை தள்ளி வையுங்கள்.

நேர்ச் சாலையிலும் அப்படி மாட்டினால், நாலு டயரும் ஒரே அளவா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் யாரோ ஒரு ஹவுசிங்கை (அச்சின் நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கும் பகுதி) மாற்றியிருக்கிறார்கள், பல் விகிதம் வேறு. சோதிப்பது எளிது. ஒரு பக்கச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, மறுபக்கச் சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றி, ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். 5.38 விகித ஹவுசிங்கில் ஐந்து சுற்றும், மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் கூடவும் வரும். முன்னும் பின்னும் ஒரே எண்ணிக்கை வந்தாக வேண்டும். (முன்பக்கத்தில் லாக்கிங் ஹப், அதாவது சக்கரத்தை அச்சோடு இணைக்கவும் பிரிக்கவும் உதவும் பூட்டு, இருந்தால் பூட்டிவிட்டு எண்ணுங்கள்.)

கே: கியர் பாக்ஸில் ஆயில் குறைகிறது, வெளியே ஒழுகல் இல்லை. எந்த ஆயில் ஊற்றுவது? (கோவை)

ப: பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைத் திறந்து பாருங்கள், அங்கே கூடியிருக்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் சீல் தேய்ந்துவிட்டது. கியர் பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் ஜி.எல்.-4 ரகம், தலா சுமார் 1.4 லிட்டர். உள்ளே பித்தளை வளையங்கள் இருப்பதால் ஜி.எல்.-5 தவிர்ப்பது நல்லது. ஹவுசிங் இரண்டுக்கும் ஜி.எல்.-5, தலா 1.2 லிட்டர். எப்போதும் நிரப்பும் பிளக்கை முதலில் கழற்றுங்கள். வடித்துவிட்டு அது கழலாமல் போனால் வண்டி நடுவழியில்தான்.

கே: 40 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் பேயாட்டம் ஆடுகிறது. ஸ்டியரிங்குக்கு டாம்பர் (ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) மாட்டச் சொல்கிறார்கள். (போடி)

ப: டாம்பர் ஆட்டத்தை மறைக்கும், காரணம் உள்ளேயே இருக்கும். முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் (முன்சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சு). வீல் பேரிங்குக்கு, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிடிக்கத் தொடங்கியதும் ஆறில் ஒரு சுற்று பின்வாங்கி லாக் வாஷரை மடியுங்கள். கிங் பின்னுக்கு, மூடியின் அடியிலிருக்கும் மெல்லிய ஷிம் தகடுகளில் ஒவ்வொன்றாக எடுத்து, ஆட்டம் போய், அதே நேரம் நக்கிள் லேசான இறுக்கத்தோடு திரும்பும் வரை பாருங்கள். பேரிங்கில் பள்ளம் விழுந்திருந்தால் ஷிம் உதவாது. கடையில் ‘ஜீப் கிங் பின் பேரிங்’ என்று கேட்காமல் 11590/11520 என்று எண் சொல்லிக் கேளுங்கள். முன்வீலுக்கு 18590/18520. எண்ணோடு கேட்டால் பேரிங் கடையிலேயே நல்ல தயாரிப்பு கிடைக்கும்.

அடுத்து டை ராடு முனைகள், பெல் கிராங்க் உள்ள வண்டியில் அதன் புஷ், ஸ்பிரிங் பட்டையின் ஷாக்கிள். கடைசியாக டோ-இன் (முன்சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கிச் சேரும் அளவு) 1.2 முதல் 2.4 மி.மீ. ஸ்டியரிங் பாக்ஸில் கிரீஸ் அடைத்திருந்தால் வழித்தெடுத்துவிட்டு, சீல் மாற்றி, கியர் ஆயில் ஊற்றுங்கள். கிரீஸ் ஒருமுறை ஒதுங்கினால் பல்லுக்குத் திரும்பி வராது.

கே: ஆர்.சி.யில் பெட்ரோல், வண்டியில் டீசல் இன்ஜின். 1969 மாடல். வின்டேஜ் பதிவு கிடைக்குமா? (சென்னை)

ப: இந்த நிலையில் கிடைப்பது கடினம். 2021 ஜூலையில் திருத்திய மத்திய மோட்டார் வாகன விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த, வணிகத்துக்கு ஓடாத வண்டியாக இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடத்துக்குச் செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய், அது 5 வருடத்துக்கு. எண்ணில் ‘வி.ஏ.’ எழுத்துகள் வரும். ஆனால் அந்தப் பதிவில் வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, வின்டேஜ் ரேலி, எரிபொருள் நிரப்புவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். தினமும் ஓட்ட நினைத்தால் சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதே சரி. அதற்கும் மாற்றிய இன்ஜின் ஆர்.சி.யில் ஏற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. அனுமதி கிடைக்காவிட்டால் பழைய ரக பெட்ரோல் இன்ஜினைத் தேட வேண்டியதுதான். புதுப்பேட்டையிலும் உக்கடத்திலும் விசாரியுங்கள். பில் இல்லாத இன்ஜினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கே: பாடி அடிப்பகுதி சல்லடை. முழு வண்டியையும் மணல் அடித்துப் பெயின்ட் செய்யலாமா? (திருச்சி)

ப: சேசிஸுக்கு மணல் அடிக்கலாம். பாடித் தகடு மெல்லியது, அழுத்தத்தில் அலை அலையாக நெளிந்துவிடும். அதைக் கம்பி பிரஷ்ஷும் துருநீக்கியும் கொண்டு கையால்தான் செய்ய வேண்டும். மணல் அடிக்கும் முன் சேசிஸ் எண் இருக்கும் இடத்தைத் தகடு வைத்து மூடிக் கட்டுங்கள். கிரைண்டர் அதன் பக்கமே போகக்கூடாது, பெயின்டும் அங்கே மெல்லிசாக. ஆர்.டி.ஓ. ஆய்வில் அந்த எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார்கள். எழுத்து மங்கியிருந்தால் மற்ற வேலை எல்லாம் வீண்.

பாடியைத் தூக்கும் முன், கதவு வழியிலும் பின்பக்கமும் குறுக்கே இரும்புக் கோணம் வைத்து டாக் வெல்டிங் போடுங்கள். இல்லாவிட்டால் தரை இல்லாத பாடி தூக்கும்போதே வாய் பிளக்கும். தூக்கியதும் வீல்பேஸை இருபுறமும் அளங்கள்: 80 அங்குலம், 2032 மி.மீ. அடுத்து மூலைக்கு மூலை குறுக்களவு. இரண்டு குறுக்களவும் ஒன்றாக வந்தால் சேசிஸ் நேர். வராவிட்டால் பெயின்ட் வாங்கும் பணத்தை முதலில் சேசிஸ் நிமிர்த்தும் பட்டறைக்குக் கொடுங்கள். தரைக்கு 1.2 மி.மீ. தகடு. பழைய தகட்டின் மேலேயே புதுத் தகட்டை வைத்து ஒட்டாதீர்கள். இரண்டுக்கும் நடுவே தண்ணீர் நின்று, இரண்டு மழைக்காலத்தில் புதுசும் போகும். துருவை நல்ல இரும்பு வரும் வரை வெட்டி எடுத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து வையுங்கள். அடிச்சட்டத்தில் தண்ணீர் வடியும் துளைகளைப் பட்டி போட்டு அடைத்துவிட வேண்டாமென்று டிங்கரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.